ரீயூனியன் தீவும் அங்கே போன நம்ம ஆட்களும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம். எங்க ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. வெயில் இறங்கிக் கொண்டிருந்தது, குண்டத்தில் தணலைத் தட்டிச் சமப்படுத்திக் கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு வயசான அம்மா நின்றிருந்தார், கூட இருபது வயசுப் பேரன். முகத்தைப் பார்த்தால் நம்ம ஊர் ஆயா. உடுப்பு கவுன், பேச்சு பிரெஞ்சு. பாண்டிச்சேரிக்காரங்க, பென்ஷன் குடும்பமாக இருக்கும் என்று நினைத்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து வடலூர், கடலூர் வழியாகப் போனால் புதுச்சேரி எழுபது எண்பது கிலோமீட்டர்தானே.

அந்த அம்மா உற்சவரைக் கையால் காட்டி, "பாண்டியாலே" என்றார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான் பிடிபட்டது: பாஞ்சாலி.

பக்கத்தில் இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? "எந்த ஊரும்மா நீங்க? என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். "என்ன ஆளுங்க" என்றால் நம்ம பக்கம் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரன் அரைகுறை இங்கிலீஷில் புரிந்துகொண்டு பாட்டியிடம் கேட்டான். அவர் யோசிக்காமல் சொன்னார்: "மல்பார்." நம்ம பெண்கள் தலையாட்டினார்கள். "ஓ, மலையாளத்து ஆளுங்களா."

இல்லை. அவர்கள் வந்தது ரீயூனியன் தீவிலிருந்து. பேரன் ஒரு காகிதத்தின் நகலைக் காட்டினான். பாட்டியின் பாட்டனார் பெயர், வயசு, தீவில் இறங்கிய வருஷம். ஊர் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: பாண்டிச்சேரி. அதை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்து ஒரு வாரம் சுற்றியிருக்கிறார்கள். தீமிதி நடக்கிற ஊர் எது என்று விசாரித்து எங்க பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு அந்தத் தீவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு படித்தது, கேட்டது, குறித்து வைத்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. நான் வரலாற்று வாத்தியார் இல்லை. கரும்பு போடுகிற குடும்பம். அதுவும் இந்தக் கதைக்குச் சம்பந்தம் உள்ள விஷயம்தான், பின்னாடி வருகிறேன்.

எங்கே இருக்கிறது, என்ன ஆட்சி?

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய எட்டே முக்கால் லட்சம். நம்ம கடலூர் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு நிலம், மூன்றில் ஒரு பங்கு ஜனம்.

ஆனால் அந்த நிலம் நம்ம வெள்ளாற்றுப் படுகை மாதிரி சமதளம் இல்லை. தீவே கடலுக்கடியிலிருந்து எழும்பிய எரிமலை. பித்தோன் தெ நேழ் என்ற பழைய சிகரம் 3,070 மீட்டர் உயரம். பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்னமும் நெருப்புக் கக்குகிற மலை. நடுவில் சாலாஸி, சிலாவோஸ், மாஃபாத் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். மாஃபாத்துக்கு இன்றைக்கும் ரோடு கிடையாது. நடந்து போகணும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது மலைமேல் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, அது உலக சாதனை. நமக்கு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். நடுவில் மலை என்பதால் ஜனங்கள் பெரும்பாலும் கடலோரத்தில் வளையம் போட்ட மாதிரி குடியிருக்கிறார்கள்.

ஆட்சி விஷயம்தான் நம்மாட்களுக்கு விளங்காது. இது தனி நாடு இல்லை, காலனியும் இல்லை. 1946 மார்ச் 19 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். 1982-ல் பிரான்சில் அதிகாரப் பரவல் சட்டம் வந்தபோது அதே தீவு ஒரு மாநிலமாகவும் ஆனது. மாவட்டம் என்றும் மாநிலம் என்றும் சொல்வது நம்ம வசதிக்கு. அவர்கள் முறையில் தெபார்த்மான், ரேழியோன். ஒரே எல்லைக்குள் இரண்டு சபைகள்: 45 உறுப்பினர்கள் கொண்ட மாநில சபை, 50 உறுப்பினர்கள் கொண்ட மாவட்ட சபை. சமூக உதவித் தொகை, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் மாவட்டத்திடம். உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்கள், பொருளாதார வளர்ச்சி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் வளர்ச்சி நிதி போன்றவை மாநிலத்திடம். மேலே பாரிஸ் நியமிக்கும் பிரிஃபெக்ட், நம்ம கலெக்டரையும் கவர்னரையும் கலந்த மாதிரி ஒருத்தர். கீழே 24 கொம்யூன்கள். ஒவ்வொன்றுக்கும் மேயர் உண்டு, ஊரில் அவர்தான் பெரிய மனுஷர். தலைநகர் சேன்-தெனி. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு 7 பேர், செனட்டுக்கு 4 பேர் போகிறார்கள்.

பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு அப்பால். விமானத்தில் பதினோரு மணி நேரம். ஆனாலும் நாணயம் யூரோ, அஞ்சல் குறியீடு பிரெஞ்சுக் குறியீடு, பள்ளிப் பாடமும் பிரெஞ்சுப் பாடம். யூரோ 2002 ஜனவரி 1-ல் புழக்கத்துக்கு வந்தபோது, மணிக்கணக்கில் பாரிஸுக்கு முன்னால் இருப்பதால் ரீயூனியனில்தான் முதலில் செலாவணியானது. சேன்-தெனி சந்தையில் லிச்சிப்பழம் வாங்கினார்கள்.

இன்றைக்கு நம்ம புதுச்சேரியைப் பிரெஞ்சு ஊர் என்கிறோம், தெருவில் பிரெஞ்சு பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அங்கே உல்டா. பெயர் ராமசாமி, பேச்சு பிரெஞ்சு.

யார் யார் இருக்கிறார்கள்?

பிரெஞ்சுச் சட்டப்படி இந்தக் கேள்வியே தப்பு. பிரெஞ்சுக் குடியரசுக்குத் தெரிந்தது குடிமக்கள் மட்டும்தான். சென்சஸில் இனம், மதம் எதையும் கேட்க மாட்டார்கள். எனவே "தமிழ் வம்சாவளி எத்தனை பேர்?" என்று கேட்டால் அரசாங்க எண்ணிக்கை கிடையாது. நாலில் ஒரு பங்கு இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற மதிப்பீடு.

ஆனால் தெருவில் போனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. சட்டம் எண்ணாததை ஜனங்கள் பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

ஆப்பிரிக்கா, மடகாஸ்கரிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் காஃப். 1848 டிசம்பர் 20-ல் அடிமை முறை ஒழிந்தது, அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலையானார்கள். அந்த நாள் இன்றைக்கும் தீவின் பெரிய விடுமுறை. நிலம் இழந்து மலைப்பக்கம் ஏறிப்போன ஏழை வெள்ளையர்கள் யாப். குஜராத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்கள் சராப். அரபு தேசத்துக்காரர்கள் என்று நினைத்து வைத்த பெயர். சேன்-தெனியில் 1905-ல் அவர்கள் கட்டிய பள்ளிவாசல்தான் பிரெஞ்சு மண்ணின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. கான்டனீஸ், ஹக்கா சீனர்கள் சினுவா. பெரும்பாலும் மளிகைக் கடையில் தொடங்கியவர்கள். பிரான்சிலிருந்து உத்தியோகம் பார்க்க வருகிறவர்கள் ஸோரேய், அதாவது 'காது'. ஏன் காது என்பதற்குப் பல கதை சொல்வார்கள். உள்ளூர்ப் பேச்சு விளங்காமல் காதில் கை வைத்துக் கேட்டதால் என்பது அதில் ஒன்று. இதெல்லாம் போகக் கொமோரோ, மயோத் தீவுகளிலிருந்து பின்னாளில் வந்தவர்கள்.

நம்ம ஆட்கள் மல்பார். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு எப்படி மலபார் என்று பெயர்? பழைய ஐரோப்பியர்கள் தமிழைப் பொதுவாக மலபார் மொழி என்றுதான் எழுதினார்கள். இந்த ஊரில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்கொழிந்த அந்தப் பெயர், தீவில் ஜனங்களின் பெயராக நின்றுபோனது. எங்க ஊர்ப் பெண்கள் "மலையாளமா" என்று கேட்டதில் தப்பே இல்லை.

இந்தப் பிரிவுகளுக்கு நடுவே சுவர் எதுவும் கிடையாது. கல்யாணம் கலந்து கலந்து ஒரே வீட்டில் நாலு வம்சமும் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான பேச்சு க்ரெயோல். பிரெஞ்சை அடிப்படையாக வைத்து, தோட்டத்தில் பல தேசத்தார் சேர்ந்து உருவாக்கியது. 2000-ல் வந்த சட்டம் அதைப் பிரான்சின் வட்டார மொழிகளில் ஒன்றாக ஏற்றது. வீட்டில் க்ரெயோல், ஆபீசில் பிரெஞ்சு. அந்தப் பாட்டியும் பேரனும் பேசிக்கொண்டது பிரெஞ்சு இல்லை, க்ரெயோல் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எப்படிப் போனார்கள்?

தீவில் ஆதியில் மனிதர் கிடையாது. 1663-ல்தான் நிலையான குடியேற்றம். அப்போதைய பெயர் பூர்போன். அந்த 17-ம் நூற்றாண்டிலேயே இந்தியப் பெண்கள் சிலர் அங்கே போய்விட்டார்கள், தீவின் பல பழைய குடும்பங்களுக்கு அவர்கள்தான் மூதாய்கள். 18-ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களும் போனார்கள், அடிமைகளாகவும் ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள்.

பெருங்கூட்டமாகப் போனது கரும்புக்காக. அடிமைகள் விடுதலையானதும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1828-லேயே ஏனாமிலிருந்து தெலுங்கர்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1848-க்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போனார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர்கள் சின்னது, அத்தனை ஆள் ஏது? எனவே சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களில், தென்னாற்காட்டிலும் தஞ்சாவூரிலும், மேஸ்திரிகள் ஆள் பிடித்தார்கள். 1860, 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு அதை முறைப்படுத்தின. பெண்கள் இத்தனை சதவீதமாவது இருக்க வேண்டும், பிரிட்டிஷ் ஏஜெண்ட் ஒருத்தர் துறையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி.

நம்ம பக்கத்தில் ஆள் கிடைத்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1843-ல் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கினாலும் பண்ணையாள் வாழ்க்கை மாறவில்லை. நெல்லு விளைகிற ஊரில் நெல்லு கண்ணில் படாத ஜனம் இருந்தது. அதன் மேல் 1876-ல் வந்தது தாது வருஷப் பஞ்சம். கரைக்கு வந்து சேர்ந்தவன் கைநாட்டு வைத்தால் அஞ்சு வருஷ ஒப்பந்தம். சோறு உண்டு, கூலி உண்டு, திரும்பி வர டிக்கெட் உண்டு என்று சொன்னார்கள்.

பாய்மரக் கப்பலில் ஒரு மாசம், சில சமயம் அதற்கும் மேல். இறங்கியதும் ஊருக்குள் விட மாட்டார்கள். காலரா, அம்மை பயத்தால் லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய தனிமை முகாமில் வைப்பார்கள். அந்தக் கட்டடங்களில் ஒரு பகுதியை இப்போது பழுதுபார்த்து நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பிரான்சின் மிக நீளமான கடல் பாலம், 5.4 கிலோமீட்டர், அந்தக் கரையோரச் சாலையில்தான் 2022-ல் திறந்தது.

முகாமிலிருந்து தோட்டத்துக்கு. அங்கே அடிமைகளை வேலை வாங்கிப் பழகிய அதே கங்காணிகள், அதே கொட்டகைகள். கூலிப் பிடித்தம், அடி, வேலைக்கு வராவிட்டால் நாடோடிக் குற்றம் என்று சிறை. புகார்கள் குவிந்து 1877-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகள் இருவர் சேர்ந்து விசாரிக்கப் போனார்கள். 1882-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் போய்விட்டார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, செத்தவர்கள் ஏராளம், மீதிப் பேர் அங்கேயே தங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் கரும்பு என்னைக் குத்தியது. எங்க ஊர்க் கூட்டுறவு ஆலைக்கு நாங்கள் கரும்பு அனுப்புகிறோம். கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பது, வெட்டு ஆள் கிடைக்காமல் அலைவது, சோகை கையைக் கிழிப்பது எல்லாம் எனக்குத் தெரியும். ரீயூனியனில் இப்போது மிஞ்சியிருப்பது இரண்டே ஆலைகள், புவா-ரூழ், லெ கோல். ஜூலையில் வெட்டுத் தொடங்கி டிசம்பரில் முடியும். இங்கே பிழைக்க முடியாமல் போனவன் அங்கே போய்க் கரும்பு வெட்டினான். நூறு வருஷம் கழித்து அவன் விட்டுப்போன ஊரிலும் கரும்பு வந்துவிட்டது.

பேருக்கு நடந்தது

போனவனுக்கு ஒரே பேர்தான். முத்துசாமி, அப்பன் பேர் வேலன், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பதிவேட்டுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமையை எளிதாக்கிய 1889 சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் குடிமக்களானார்கள். பாட்டன் பேரே வம்சத்தின் பேராக உறைந்தது. முத்துசாமி 'முத்துசமி' ஆனார். வேங்கடசாமி 'வேங்கதாசமி', கணபதி 'கனபதி'. எழுதிய குமாஸ்தாவின் காது எப்படியோ எழுத்தும் அப்படி. மீனாட்சியிலிருந்து வந்த 'மினாச்சி' கூட அங்கே குடும்பப் பெயர். முன்பெயர் ழான், மாரி, பிரான்சுவா என்று தேவாலயத்தில் வைத்தது. சேன்-ஆந்த்ரேயின் மேயராகவும் செனட்டராகவும் இருந்த ழான்-பால் விராபுலே பெயரில் வீரப்பிள்ளை ஒளிந்திருக்கிறார்.

அந்தப் பாட்டியின் காகிதத்திலும் இதுதான் சிக்கல். பெயர் பிரெஞ்சுக் காதில் விழுந்த பெயர். ஊர் என்ற இடத்தில் இருந்ததோ கப்பலேறிய துறையின் பெயர். வெள்ளாற்றங்கரையில் பிறந்தவனுக்கும் காவிரிக்கரையில் பிறந்தவனுக்கும் அதே பாண்டிச்சேரிதான்.

மொழி ஏன் போனது?

இது என்னை ரொம்ப நாள் அரித்த கேள்வி. மலேயாவில் தமிழ் நின்றது, இலங்கை மலையகத்தில் நின்றது. ரீயூனியனில் ஏன் போனது?

நான் புரிந்துகொண்ட வரை மூன்று காரணம். முதலாவது, வரத்து நின்றது. மலேயாவுக்கு 1938 வரை ஆள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கப்பலும் புதுத் தமிழைக் கொண்டுபோய் ஊற்றியது. ரீயூனியனுக்கு 1880-களிலேயே குழாய் அடைபட்டுவிட்டது. இரண்டாவது, பள்ளி. மலையகத்திலும் மலேயாவிலும் தோட்டப் பள்ளி என்று ஏதோ ஒன்று தமிழில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் பள்ளி என்றால் பிரெஞ்சு மட்டும்தான். 1946-க்குப் பிறகு அது இன்னும் இறுகியது. மூன்றாவது, பெண்கள் குறைவு. கலப்புக் கல்யாணம் நடந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ள க்ரெயோல்தான் உண்டு.

பக்கத்து மொரீஷியஸிலும் தமிழ் வீட்டுப் பேச்சாக நிற்கவில்லை. ஆனால் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, பள்ளியில் தமிழ் இருக்கிறது. அங்கே சமூகத்தைச் சமூகமாக அரசு அங்கீகரிக்கிறது. ரீயூனியனில் எண்ணுவதில்லை. எண்ணாததால் அங்கே மல்பாருக்குப் பிரஜை என்ற சமத்துவம் கிடைத்தது. அதே காரணத்தால் அவன் மொழிக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கணும். இப்போது சில பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக உண்டு, சங்கங்கள் வகுப்பு நடத்துகின்றன.

எது மிஞ்சியது?

சமையலறை மிஞ்சியது. கறிவேப்பிலை அங்கே 'கலுபிலே'. பீர்க்கங்காய் 'பிபங்காய்'. முருங்கைக்கீரை 'ப்ரேத் முருங்க்'. ஆட்டுக்கறிக் குழம்பு 'கப்ரி மசாலே'. ரசம் 'ரசோன்'. மலையில் யாப் வீட்டிலும், கடற்கரையில் காஃப் வீட்டிலும் இவையெல்லாம் இன்றைக்கு அவரவர் சாப்பாடு. யாரும் தமிழ்ச்சொல் என்று நினைப்பதில்லை.

மேளம் மிஞ்சியது. தப்பு அங்கே 'தபு', மத்தளம் 'மதலோன்'.

சாமி மிஞ்சியது. மாரியம்மன் 'மரியேமேன்', மதுரைவீரன் 'மர்தேவிரேன்', அர்ஜுனன் 'அல்துனேன்'. நாகூர் ஆண்டவரும் போயிருக்கிறார். இந்துக் கோயில் வளாகத்திலேயே 'நர்குலான்' என்று அவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள். நாகூரில் இன்றைக்கும் எல்லா மதத்தாரும் கொடியேற்றம் பார்க்கப் போவதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. செத்த முன்னோருக்குப் படைப்பது 'சாம்ப்லானி'. நம்ம சாம்பிராணிதான் சடங்கின் பேராகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே தீமிதி. 18 நாள் விரதம், கங்கணம், பாண்டியாலே கல்யாணம், கடைசியில் நெருப்பு. அந்த நாட்களில் 'நர்ல்கோன்' போடுவார்கள். நாடகம்தான், நம்ம தெருக்கூத்து. சொல்லிக்கொடுப்பவர் 'வர்தியால்', நம்ம வாத்தியார். தமிழ் தெரியாதவர்கள் ரோமன் எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டை விடிய விடியப் பாடுகிறார்கள். திரௌபதி வழிபாட்டின் தாய்வீடு செஞ்சியும் பழைய தென்னாற்காடும் என்பதை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஊர் பேர் இல்லை. ஆனால் தீமிதியும் கூத்தும் போனவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

இதோடு மாதா கோயிலுக்கும் போவார்கள். ரோட்டோரத்தில் சிவப்புச் சாயம் பூசிய சின்னக் கூண்டுகளில் சேன் எக்ஸ்பெதி என்ற புனிதர் இருப்பார், எல்லாரும் நேர்ந்துகொள்வார்கள். நம்ம ரோட்டோர முனீஸ்வரன் மாதிரிதான்.

'சரியான' கோயில் எது?

1970-களிலிருந்து அங்கே ஒரு மறுமலர்ச்சி. கோபுரம் வைத்த பெரிய கோயில்கள், இங்கிருந்து போன குருக்கள், ஸ்தபதிகள், தைப்பூசக் காவடி, தீபாவளி ஊர்வலம். சேன்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோயில், சேன்-பியரில் நரசிங்கப் பெருமாள் கோயில் எல்லாம் பார்க்கவே கண் கொள்ளாது. மல்பார் என்ற சொல் வேண்டாம், எங்களைத் தமிழர் என்று சொல்லுங்கள் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள்.

கூடவே ஒரு சங்கடமும் வந்தது. ஆகமக் கோயிலில் ஆடு கோழி கூடாது. அப்படியானால் தோட்டத்துக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டிய பாட்டன் செய்தது தப்பா? "அது அறியாமை, இதுதான் சரியான இந்து முறை" என்று சொல்லிக்கொடுக்க இங்கிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

எனக்கு இதில் கருத்து உண்டு. கிடா வெட்டு இங்கேயும் இருக்கிறது. 2003-ல் பழைய சட்டத்தைத் தூசி தட்டி அதைத் தடுக்கப் பார்த்தார்கள், கிராமங்கள் ஒப்பவில்லை, 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது. போனவர்கள் பெரும்பாலும் ஆகமக் கோயிலுக்குள் நுழைய முடியாத ஜனம். அவர்கள் கொண்டுபோனது அவர்கள் கும்பிட்ட சாமியை. கங்காணி அடிக்கும்போதும், மொழி கழன்றபோதும் விடாமல் பிடித்திருந்தது அதைத்தான். அதைத் தப்பு என்று சொல்ல நாம் யார்?

கடைசியாக

அன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டியும் பேரனும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். தாளிப்பு வாசனை வந்ததும் பாட்டி அடுப்படிக்கே வந்து, ஒரு கொத்தைக் கையில் எடுத்து, "கலுபிலே" என்று என் வீட்டம்மாவிடம் நீட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் அது. அதை வைத்தே கொஞ்ச நேரம் பேசினார்கள்.

பேரன் என்னிடம் ஒன்று கேட்டான்: "அந்தப் பெண்கள் பாட்டியிடம் என்ன கேட்டார்கள்?" ஊர் கேட்டார்கள் என்று சொன்னேன். பாதி உண்மை. சாதி கேட்டார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரே கொட்டகை, ஒரே வேலை என்று கிடந்த அந்த வம்சத்தில் அது பெரும்பாலும் கரைந்துவிட்டது. அவர்கள் இங்கே ஒரு ஊரைத் தேடி வருகிறார்கள். நம்ம ஊரோ ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாக இருக்கிறது. ஊர் பேர் கிடைத்தாலும் எந்தத் தெருவைக் காட்டுவது?

அந்தப் பாட்டியின் ஊரை நான் கண்டுபிடிக்கவில்லை. துறைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் வேறொன்று தெரிந்துகொண்டேன். போனவர்கள் பக்கம் காகிதமாவது இருக்கிறது. நம்ம பக்கம் அதுவும் இல்லை. எங்கள் வீட்டிலேயே "தாது வருஷத்தில் கப்பலேறிப் போனவர்" என்று ஒருத்தர் உண்டு. தாத்தா சொல்லுவார். பேர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தாத்தா இல்லை.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய ஆள் யாராவது இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். யாராவது கப்பலேறிப் போனார்களா, பேர் என்ன, எந்தத் தெரு என்று. ஒரு வரி கிடைத்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.